பாதைக்காகப் பயந்தவர்

பம்பாய் மாதுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள ரோட்டை அவர் தனியாகக் கடந்து நான் பார்த்ததில்லை. காய்கறிப் பையோடு யாராவது ஒரு மாமி வரும்வரை காத்திருப்பார். அவள் இறங்கியதும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு இறங்குவார். அவள் நின்றால் நிற்பார், ஓடினால் ஓடுவார். ஒருமுறை அப்படி ஒருத்தி நடுரோட்டில், கறிவேப்பிலை வாங்க மறந்தது ஞாபகம் வந்து திரும்பிவிட்டாள். இவரும் கூடவே திரும்பிப் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்து, அடுத்த மாமிக்காகக் காத்து நின்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆள் ஆறடி. கட்டைக் குரல், முறுக்கு மீசை. தெரியாதவர்கள் போலீஸ் அதிகாரி என்றுதான் நினைப்பார்கள்.

இவருடைய தொழில், புலி பார்க்கப் போகிறவர்கள் தங்குவதற்குக் காட்டோரத்தில் விடுதி வடிவமைப்பது.

செம்பூரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் எங்கள் ஆபீஸ். அவர் ஆர்க்கிடெக்ட், நான் கட்டட இன்ஜினீயர். அவர் கோடு போடுவார். அந்தக் கோடு நிற்குமா விழுமா என்று நான் சொல்வேன். நான் தாராவியில் பிறந்தவள், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே கூட்டமான லோக்கல் ரயிலில் கதவோரம் காற்று வாங்கிக்கொண்டு போனவள். எனக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போகும்? ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பல வருடம் சேர்ந்து வேலை செய்தோம். இப்போது அவர் வேலையை விட்டுவிட்டு டோம்பிவிலியில் மகன் வீட்டோடு இருக்கிறார். பார்த்து நாளாயிற்று. கூட்டத்துக்குப் பயந்து அவர் ரயிலேறுவதில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு நான் போவதில்லை.

“எப்படி சார் இந்தத் தொழில்ல வந்து மாட்டினீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மொதல் வேலையே நன்னா வந்துடுத்து. அதான் தப்பாப் போச்சு” என்றார்.

பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறுகிறவர்கள் உண்டு. இவர் படியிறங்கிப் போய் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து எனக்குப் போன் செய்து, “போயிடுத்தா?” என்று கேட்பார். லிப்டுக்குப் பயம். இடிக்குப் பயம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கத் தாமதமானால்கூட அவருக்கு முகம் மாறும். இதில் எதையும் அவர் மறைத்ததில்லை என்பதுதான் வேடிக்கை. நம் ஊர் ஆண்கள் பயந்தால் கோபப்படுவார்கள், அல்லது அறிவுரை சொல்ல ஆரம்பிப்பார்கள். இவர் ‘பசிக்கிறது’ என்று சொல்வதுபோல, “எனக்குப் பயமா இருக்கு, கேட்டேளா” என்று சொல்லிவிட்டு மேலே வேலையைப் பார்ப்பார்.

நான் கிண்டல் செய்தால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். “தைரியசாலிக்கு ப்ளான் எதுக்கு இன்ஜினீயரம்மா? அவன் மரத்தடியிலயும் படுத்துப்பன். வீடுன்னு ஒண்ணை மொதல்ல கட்டினவன் என்னை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியாத்தான் இருந்திருப்பன்.”

எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும் அவருக்கு ஒரு கேள்வி உண்டு. மற்ற ஆர்க்கிடெக்டுகள் எத்தனை அறை வேண்டும், ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்பார்கள். இவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கே புழங்குகிறவர்களிடம், “இங்க உங்களுக்கு எங்க பயம்?” என்று கேட்பார். செம்பூரில் ஒரு பழைய குடியிருப்பைச் செப்பனிடப் போனபோதும் இதையே கேட்டார். கமிட்டிக்காரர்கள் முழித்தார்கள். பாத்திரம் தேய்க்க வரும் பெண் மட்டும், மாடிப்படி திரும்புகிற இருட்டு மூலையைக் கை காட்டினாள். அங்கே ஒரு ஜன்னல் திறந்தார். அந்தக் கட்டடத்தில் அவர் செய்த பெரிய மாற்றம் அதுதான்.

எனக்கு அந்தக் கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவரை எங்கள் தாராவி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. நடுவில் இரும்பு ஏணிப்படி, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். நாங்கள் அதில் கையில் டம்ளரோடு ஏறி இறங்கிப் பழகியவர்கள். அவர் முதல் படியில் கால் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “எனக்குப் பயமா இருக்கு” என்றார். என் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். அவர் அசரவில்லை. மேலே நின்றுகொண்டிருந்த என் அம்மாவை அண்ணாந்து பார்த்து, “ஏம்மா, உங்களுக்குப் பயமா இல்லையா?” என்று கேட்டார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பயந்தான் தம்பி. கெட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்தே பயந்தான். வயித்துப் பிள்ளையோட இதுல எறங்கும்போது சேசுவே சேசுவேன்னுதான் எறங்குவேன். யாருட்ட சொல்ல? சொன்னா சிரிப்பாவ” என்றாள்.

அந்த ஏணிக்குக் கீழேதான் நான் வளர்ந்தேன். என் அம்மா தினமும் அதில் பயந்து பயந்து இறங்கினாள் என்று யாரோ ஒரு மாதுங்காக்காரர் வந்து கேட்டு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அன்று பிரியாணி எனக்குச் சரியாக இறங்கவில்லை. மறுவாரமே படியைச் சாய்த்துப் போட்டு இரண்டு பக்கமும் பிடி வைத்தோம். அதற்காக அவருடைய எல்லாப் பயத்தையும் நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. எரிச்சல் இருக்கத்தான் செய்தது. கூடவே ஒரு மரியாதையும் வந்து உட்கார்ந்துகொண்டது.

விதர்பாவில், புலிக்காட்டை ஒட்டி ஒரு விடுதி கட்டும் வேலை வந்தது இதற்குப் பிறகுதான். முதலாளிக்கு நவி மும்பை ஐரோலியில் கண்ணாடிக் கட்டடத்தில் ஆபீஸ். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். காட்டுக்குக் கேடில்லாமல் கட்ட வேண்டும், ஊர் ஜனங்களுக்கும் பிழைப்பு கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார். மண்சுவர், நாட்டு ஓடு, சூரிய வெளிச்சத்தில் மின்சாரம், வேலைக்கு உள்ளூர் ஆட்கள், எல்லாவற்றுக்கும் சரி என்றார். இரண்டே இரண்டு விஷயத்தில் அவர் பிடிவாதம். விருந்தாளிகளின் குடில்கள் ஓடைக் கரையில் வரிசையாக இருக்க வேண்டும். நிலம் முழுவதையும் சுற்றி மின்வேலி போட வேண்டும்.

நாக்பூர் வரை ரயில், அங்கிருந்து ஜீப். ஜீப்பில் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு மயிலுக்குப் பயந்தார். டிரைவர் சிரித்துச் சிரித்து ஒருதரம் வண்டியையே நிறுத்திவிட்டான்.

நிலம் நீளமான ஒரு பட்டை, புதர்க்காடு. அதன் ஒரு பக்கத்தில் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை. அங்கே அதை நாலா என்பார்கள். நிலத்தைத் தாண்டி அது ஒரு குளத்தில் போய் விழும். மறுபக்கத்தில் ஊர்ப்பாதை. சின்ன ஊர் அது. அங்கிருந்து தார்ரோட்டுக்குப் போக அந்த ஒரு பாதைதான். பிள்ளைகள் காலையில் அதில் நடந்துபோய் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போவார்கள், பொழுது சாயும்போது அதிலேயே திரும்புவார்கள்.

ஊரின் நடுவில் வேப்பமரத்தடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் சுநந்தாபாய். நல்ல உயரம், நல்ல குரல், எதற்கும் அசையாத முகம். இவர் தன் மாதுங்கா மராத்தியில் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இங்கே உங்களுக்கு எங்கே பயம்?

“எங்களுக்கு என்ன பயம்? புலி எங்களுக்குச் சாமி. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி” என்றாள் சுநந்தாபாய். மற்றவர்களும் தலையாட்டினார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கேட்டு மகிழ்ந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது அவள் சொன்ன தினுசிலேயே தெரிந்தது.

இவர் எழுதிக்கொள்ளவில்லை. “எனக்குப் பயமா இருக்கு” என்றார். “வந்ததிலிருந்து ஒண்ணுக்குப் போகணும்னு உட்கார்ந்துண்டிருக்கேன். தனியா அந்தப் புதர்ப் பக்கம் போகப் பயம். இந்த அம்மாவைக் கூப்பிடவும் முடியல.” என்னைக் கை காட்டினார்.

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஒரு கிழவர் எழுந்து அவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார், அதற்கும் ஒரு சுற்றுச் சிரிப்பு. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான், சிரித்து ஓய்ந்த பெண்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், “எனக்குப் பாதையில அந்த வளைவுகிட்ட பயம்.” இன்னொருத்தி, “விடியக்காலையில இலுப்பைப் பூ பொறுக்கக் குனியும்போது முதுகெல்லாம் கூசும்” என்றாள். அப்புறம் நிற்கவில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள். அதுவரை அவர்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளாத விஷயங்களும் அதில் இருந்தன என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

கடைசியாகத்தான் சுநந்தாபாய் பேசினாள். “பொழுது சாயும்போது எனக்கு அடுப்படியில கை ஓடாது. பிள்ளைங்க பாதையில வந்துகிட்டிருக்கும். அந்த நேரத்துலதான் புலி நாலாவில இறங்கிக் குளத்துக்குத் தண்ணி குடிக்கப் போகும். அது அதோட வழியில போகுது, எங்க பிள்ளைங்க எங்க வழியில வருது. நடுவுல இந்த நிலம் சும்மா கிடக்கு. அதனாலதான் இத்தனை வருசமா ஒண்ணும் ஆகல.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் கையிலிருந்த வரைபடத்தில் மின்வேலி நாலாவையும் உள்ளே வளைத்துக்கொண்டு போயிற்று. காட்டிலிருந்து வருகிற மிருகம் வேலியில் முட்டி நிற்கும். சுற்றிக்கொண்டு குளத்துக்குப் போக அதற்கு மிச்சமிருப்பது ஒரே வழி, பிள்ளைகள் வரும் பாதை. வேலித் தூண்களுக்கு அஸ்திவாரம்வரை நான் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். அது நன்றாக நிற்கும். அதில் எந்தத் தப்பும் இல்லை.

திரும்பும் ரயிலில் அவர் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. மடியில் தாளை வைத்துக்கொண்டு வரைந்தார், அடித்தார், மறுபடி வரைந்தார். நாலாக் கரையில் எதுவுமே இல்லை. வேலியும் இல்லை. குடில்கள் எல்லாம் ஊர்ப்பாதையை ஒட்டி ஒரே வரிசையாக வந்துவிட்டன. அவற்றின் முதுகு காட்டைப் பார்த்த கனமான கல்லும் மண்ணுமான சுவர், வாசல் பாதையைப் பார்த்து. சமையலறை பாதைமேல் திறந்தது. கிணறும் பாதையோரத்துக்கு வந்தது, ஊருக்கும் விடுதிக்கும் பொதுவாக. மிருகம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நாலாவிலிருந்து எட்டத்தில் உயரமாக ஒரே ஒரு பார்வைக்கூடம்.

“கட்டடமே வேலியா இருக்கட்டும்” என்றார். “பாதையில நடமாட்டமும் வெளிச்சமும் இருந்தா அது இந்தப் பக்கம் வராது. அது வழியை நாம தொட வேண்டாம்.”

“முதலாளி ஒத்துக்கமாட்டாரு சார். வேலை கையை விட்டுப் போயிரும், சொல்லுதேன்” என்றேன்.

“அந்தப் பயமும் இருக்கு” என்றார்.

ஐரோலிக் கூட்டத்துக்கு அவர் படியேறியே வந்தார், லிப்டில் வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மேஜையில் வரைபடத்தை விரித்தார். முதலாளி அதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு பம்பாய் இந்தியில் சொன்னார்: “பாய், நான் கட்டறது சஃபாரி லாட்ஜ். பஸ்ஸ்டாண்டு இல்ல. காட்டைப் பார்க்க வர்றவன் கதவைத் திறந்தா ஆடும் சைக்கிளும் தெரியணுமா?”

“காடும் தெரியும் சார், பார்வைக்கூடத்துலேர்ந்து.”

“வேலி இல்லாம ஒரு விருந்தாளிக்கு ஏதாவது ஆனா? நான் கதவை இழுத்து மூடிட்டுப் போகணும்.”

“அதுதான் உங்க பயம். நியாயமான பயம்தான். நாலாக் கரையில ஆளைப் படுக்க வெச்சாத்தானே வேலி வேணும்? தள்ளிப் படுக்க வெச்சுட்டா வேண்டாமே.”

முதலாளி வேறு ஆர்க்கிடெக்டைப் பார்க்கலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். சொன்னது தன்மையாகத்தான், ஆனால் விஷயம் முடிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. நான் பையை எடுத்துக்கொண்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“சார், எனக்கு உங்களைப் பார்த்தாலும் பயம்தான்” என்றார் அவர். “ஆனா அந்தப் பாதையை நினைச்சா அதைவிட ஜாஸ்தி பயமா இருக்கு. வேற ஆளை வெச்சுக்கோங்கோ, பரவாயில்லை. அதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் மட்டும் அந்தப் பிள்ளைகளோட நடந்து வந்துடுங்கோ. நானும் வரேன்.”

முதலாளி ஒப்புக்கொண்டார். தான் எதற்கும் பயப்படாத ஆள் என்று காட்டிக்கொள்ளத்தான் ஒப்புக்கொண்டார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அந்தச் சாயங்காலம் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். பெரியவர்கள் முன்னாலும் பின்னாலும், பொடிசுகள் நடுவில், யாரும் சொல்லாமலே வரிசை கட்டிக்கொண்டார்கள். நடக்க ஆரம்பித்ததும் ஒரே குரலில் மராத்தியில் இரண்டாம் வாய்ப்பாடு. “பே ஏகே பே, பே துணே சார்.” தொண்டை கிழியக் கத்தினார்கள்.

“எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்க?” என்று முதலாளி கேட்டார்.

“நாங்க வர்றோம்னு அதுக்குத் தெரியணுமில்ல? தெரியாம கிட்டப் போயிட்டா அது பயந்துடும்” என்றாள் பொடிசுகளில் ஒருத்தி. பிங்கி என்று கூப்பிட்டார்கள். பெரிய மனுஷிபோல விளக்கிவிட்டு மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

பாதி வழியில், வளைவு வந்த இடத்தில், நாலாக் கரையிலிருந்து குரங்கு ஒன்று கரகரவென்று குரல் கொடுத்தது, புலியைக் கண்டால் கொடுக்கிற எச்சரிக்கை. அவ்வளவுதான். வேறு ஒன்றும் வரவில்லை. பிள்ளைகளின் குரல் மட்டும் இரண்டு பங்கு ஓங்கியது. பார்த்தேன், முதலாளி எங்கள் ஆர்க்கிடெக்டின் முழங்கையைப் பற்றியிருந்தார். ஆர்க்கிடெக்ட் முதலாளியின் சட்டையைப் பற்றியிருந்தார். சற்றுக் கழித்து முதலாளியும் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார். சிறுவயதில் பம்பாய் முனிசிபல் பள்ளியில் படித்தவராம், ஒன்றும் மறக்கவில்லை. ஐரோலிக் கண்ணாடி மாளிகையின் சொந்தக்காரர் விதர்பாக் காட்டில் ‘பே ஏகே பே’ என்று பிள்ளைகளை மிஞ்சிக் கத்திக்கொண்டு நடந்தார். நானும் கத்தினேன். வேறு வழி?

ஊர் வந்ததும் சுநந்தாபாய் டீ கொடுத்தாள். முதலாளி பாதி டீயைக் குடித்துவிட்டு, “தினமுமா?” என்று கேட்டார். “ஆமா, தினமும்” என்றாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பார்வைக்கூடத்தை மட்டும் கொஞ்சம் பெரிசாப் போடுங்க” என்றார். எங்கள் ஆள் அங்கேயே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மடமடவென்று மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார்.

பாதை என்றைக்கும் ஊருக்கே சொந்தம், யாரும் அடைக்கக் கூடாது என்று கிராம சபையில் எல்லார் முன்னிலையிலும் முதலாளி ஒப்புக்கொண்டார். யாரை வேலைக்கு எடுப்பது என்று சபையே முடிவு செய்தது. மண்ணைப் பிசைந்து சுவர் எழுப்பியது உள்ளூர்க்காரர்கள், ஓடு போட்டது பக்கத்து ஊர்க் குயவர்கள். குளியலறைத் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குள் போய்த் தெளிந்து பழமரங்களுக்குப் பாய்ந்தது. பாதை நெடுக முழங்கால் உயரத்தில் மஞ்சள் விளக்குகள், மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்தவை. காட்டுப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் போகாது. சமையலறை சுநந்தாபாயின் கூட்டத்தின் பொறுப்புக்கு வந்தது. வந்த விருந்தாளிகளில் சிலர் ஆடு தெரிகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆட்டைப் படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

இவ்வளவு ஆன பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை. “கணக்கு சரியா இருக்குமோன்னோ? அது பழைய வழியிலயே போகுமோன்னோ?” என்று என்னை அரித்துக்கொண்டே இருந்தார். புலியின் மனசுக்கு நான் எங்கே போய் உத்தரவாதம் வாங்குவேன்? திறந்த பிறகு வந்த முதல் கோடையில், குட்டிகளோடு ஒரு பெண்புலி நாலாவில் குடியேறியிருக்கிறது என்று செய்தி வந்தது. சுவரில் விரிசல் பார்க்க நாங்கள் போக வேண்டியிருந்தது. அவர் பிடிவாதமாகக் கூட வந்தார்.

அன்று சாயங்காலம் பஸ் நேரத்துக்கு வரவில்லை. சமையலறையில் சுநந்தாபாய் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவர் அடுப்போரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பார்வைக்கூடத்தில் இருந்த வழிகாட்டிப் பையன் சுநந்தாபாய்க்குப் போன் செய்தான்: புலி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது, புதர் மறைக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. போனை வைக்கவும் தார்ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

சுநந்தாபாயின் கத்தி நின்றது. நான் எழுந்தேன். அவரைப் பார்த்தேன்.

“என்னால முடியாது” என்றார். “கால் வரல. நீங்க போங்கோ. தயவு பண்ணிப் போங்கோ.”

நானும் சுநந்தாபாயும் பாதையில் இறங்கி நடந்தோம். என்னைத் தைரியசாலி என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். அன்று சுநந்தாபாயின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குடில் வாசலில் யாரோ ஒரு விருந்தாளி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வளைவுக்கு அப்பாலிருந்து வாய்ப்பாடு கேட்டது. அப்புறம் பிள்ளைகள் தெரிந்தார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும். சுநந்தாபாய் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தாள். அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. பையன்தான். புலியும் குட்டிகளும் நாலாவுக்குள்ளேயே நடந்து குளத்துக்குப் போய்விட்டன, தண்ணீர் குடிக்கின்றன என்றான். சுநந்தாபாய் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து சிரித்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகளோடு சமையலறை வாசலுக்கு வந்தபோது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “எல்லாரும் வந்தாச்சா?” என்றார். வந்தாச்சு, புலி பழைய வழியிலேயே போய்விட்டது என்றேன். அந்த ஆறடி மனிதர் மீசையெல்லாம் நனைய அழுதார். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் வெட்கப்படவில்லை.

பிங்கி மட்டும் வேடிக்கை பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரோரம் நின்றாள். சுநந்தாபாய் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்: புது டிபன் டப்பாவைப் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டாளாம். வீட்டுக்குப் போகப் பயமாம். அம்மா தோலை உரித்துவிடுவாளாம்.

“அய்யோ பாவம், பயமா இருக்காதா பின்னே” என்றார் அவர். “நான் வந்து உங்கம்மாட்ட சொல்றேன், வா.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மற்றப் பிள்ளைகளும் பின்னால் போனார்கள். அம்மாவிடம் முதலில் என்ன சொல்வது, அவள் கத்தினால் என்ன செய்வது என்று இருவரும் தீவிரமாக ஆலோசித்துக்கொண்டு போனார்கள். இருட்டத் தொடங்கியிருந்த அந்தப் பாதையில் அவர் மறு கையை வீசி நடந்தார். ஒருதரம்கூடக் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பயப்பட வேண்டும் என்பதையே மறந்துவிட்டார். நான் கூப்பிட்டு ஞாபகப்படுத்தவில்லை.